இழுவை விமானத்துக்கு ஒரு ஹோர்ன்

என் ஆசை அண்ணே,

நீ இருக்கிற இடத்தில் பனி உண்டா? இல்லாமல் இருந்தால் நல்லது. உனக்குப் பனி போதும்.

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ உயிரோடு இருந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில் ஒரே பாயில் படுத்தோம், கடிதத்துக்கு ஏது வேலை? நீ போன பிறகு எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டத்தான் வந்தது. செத்தவனைத் திட்டி எழுதி என்ன செய்ய என்று எழுந்துவிடுவேன். போன சனிக்கிழமை இங்கே ஒரு காரியம் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன். ஹட்டனில் ரேடியோ திருத்தப் படித்தவன் கொழும்புக்குப் போய், டுபாய்க்குப் போய், கடைசியில் இங்கே வந்து ஒதுங்கிவிட்டேன். விமானங்களுக்குள் இருக்கிற ரேடியோ, திசை காட்டுகிற கருவி, இவற்றைப் பொருத்துவதும் திருத்துவதும் என் வேலை. நம் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூட்டத் தெரியாமல் நான் முழித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "இவன் கையில பிளேன குடுத்தாலும் கழட்டித்தான் போடுவான்" என்று அம்மாவிடம் சொன்னாய். உன் வாய்க்கு அப்படி ஒரு ராசி. இப்போது கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் தெரியும், அதையும் கேட்டுக்கொள்.

என் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கிளைடர் கிளப் இருக்கிறது. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். "எஞ்சின் இல்லாம எப்புடிடா மேல போவும்?" என்றுதானே கேட்கப்போகிறாய். எஞ்சின் உள்ள சின்ன விமானம் ஒன்று கயிறு கட்டி அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். போதுமான உயரம் வந்ததும் கிளைடர்காரர் கயிற்றைக் கழற்றி விடுவார். பிறகு காற்றுதான். சூட்டுக்காற்று எங்கே கிளம்புகிறதோ, அங்கே சத்தமில்லாமல் வட்டம் போட்டு ஏறுவார்கள். இழுத்துக்கொண்டு போன விமானம் அடுத்த கிளைடரை இழுக்க அவசரமாகக் கீழே இறங்கும். நாள் முழுக்க அதற்கு இதே வேலை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் ஃபெக்டரிக்கும் நடுவில் நீ லொறி ஓட்டிய ஓட்டம்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

அந்த இழுவை விமானத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும், முன்னால் இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இறங்கும்போது இறக்கைக்கு அடியில் யார் வட்டம் போடுகிறார்கள் என்பது தெரியாது. கிளைடர்களோ வெள்ளை நிறம், மெலிந்த உடம்பு, சத்தம் கிடையாது. வானம் பெரிசுதானே என்று நினைப்போம். எல்லாரும் அதே சூட்டுக்காற்றைத் தேடி வருவதால், வானமும் நம் பொகவந்தலாவை மலை ரோட்டைப் போல ஒடுங்கிப்போய்விடுகிறது.

இதற்கென்று இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. நீ மலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அது பூமியைச் சுற்றுகிற செய்மதிகளிடமிருந்து தெரிந்துகொண்டு, நொடிக்கு நொடி சுற்றுமுற்றும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு பீப் பீப் என்று கத்தும். கிளைடர்களில் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்கள். நாள் முழுக்க எல்லாருக்கும் நடுவில் ஏறி இறங்குகிற இழுவை விமானத்தில் மாத்திரம் இல்லை. அதைப் பூட்டிக் கொடு என்று என்னிடம் வந்தார்கள்.

அண்ணே, அந்தப் பெட்டியைக் கையில் எடுத்ததும் இது என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. உன் ஹோர்ன்.

"ஹோர்னுங்கிறது அடுத்தவன ஏசுறதுக்கு இல்லடா தம்பி. நான் இங்கன இருக்கேன், நீ எங்கன இருக்கன்னு கேக்குறதுக்கு." லொறியில் உன் பக்கத்து சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் இதைச் சொல்லுவாய். ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் இரண்டு குட்டையும் ஒரு நீட்டும் அடிப்பாய். அது உன் ஹோர்ன். மேலே மலையில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குப் பனியில் ரோடே தெரியாது. ஆனாலும், "பாலத்துகிட்ட வந்துட்டான்", "கோயில தாண்டிட்டான்" என்று பக்கத்து நிரைக்காரிகளுக்குச் சொல்லிக்கொண்டே பறிப்பாள். நீ ஃபெக்டரியில் கொழுந்து இறக்கிவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்று தெரியாத நேரம் அவளுக்கு இருந்ததே இல்லை.

அந்த ஒரு நாளைத் தவிர.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. சாவு விழுந்த லயத்தைத் தாண்டும்போது வண்டிக்காரர்கள் பாட்டை நிறுத்துவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், ஹோர்ன் மட்டும் அடிக்கவே மாட்டார்கள். அடித்தால் பிணத்தை அவமதித்தது மாதிரி. தமிழ் டிரைவரானாலும் சிங்கள டிரைவரானாலும் இதில் வித்தியாசம் இல்லை. அன்றைக்கு நம் வீட்டுப் பக்கத்து முடக்கில் இருக்கிற ரோட்டு லயத்தில் கருப்பையா மாமா செத்துப்போயிருந்தார். சாவுக்கு அடையாளமாக ரோட்டோரம் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. காலையில் லொறி எடுக்கப் போகும்முன் அதைக் கட்ட நீயும்தான் ஒத்தாசை செய்தாய்.

மத்தியானக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு நீ இறங்கினாய். ஹட்டனிலிருந்து பஸ் மலையேறி வந்தது. பனி ரோட்டை அப்படியே மூடியிருந்தது. நீ கொடியைப் பார்த்தாய், ஹோர்னிலிருந்து கையை எடுத்தாய். அந்தப் பக்கம் பஸ் ஓட்டி வந்த சுனிலும் கொடியைப் பார்த்தார், அவரும் கையை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே பிணத்துக்கு மரியாதை செய்துகொண்டு, ஒரே முடக்குக்குள் சத்தமில்லாமல் வந்தீர்கள். பஸ்ஸைக் கண்டதும் நீ வெளிப்பக்கம் ஒடித்தாய். மழையில் ஊறிக் கிடந்த ரோட்டோரம் உன் லொறிச் சில்லைத் தாங்கவில்லை. லொறி தேயிலைக்குள் உருண்டது.

பஸ்ஸில் இருந்த யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் அம்மாவைத் தேற்றினார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒரே ஒரு தடவை நீ மரியாதை கெட்டவனாக இருந்திருக்கக் கூடாதா அண்ணே? கருப்பையா மாமா எழுந்து வந்து உன்னைக் கேட்டிருக்கவா போகிறார்?

உன் சாவு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அதையும் சொல்கிறேன். வட்டவளையிலிருந்து சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. நமக்காகக் கட்டிய வெள்ளைக்கொடியைப் பார்த்துவிட்டு, அதுவும் சத்தமில்லாமல் முடக்கில் திரும்பியது. அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா எழுந்தாள். தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, ரோட்டுக்கு ஓடிப் போய் வேனை மறித்து நின்றாள்.

"அடிங்கய்யா. ஹோர்ன் அடிங்க. எம்புள்ள வாசலுக்கு யாரும் சத்தம் போடாம வராதீங்க. சத்தமில்லாம வந்துதான் அவன கொண்டுபோயிட்டாங்க."

பெரியவர்கள், "வேணாம்மா, சாவு வீடு, மொற இல்ல" என்று அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் வேன் டிரைவர் அடித்தார். பின்னால் வந்த லொறியும் அடித்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது தப்பு மேளச் சத்தத்தோடு ஹோர்ன் சத்தமும் சேர்ந்து வந்தது. நம் தோட்டத்தில் அப்படி ஒரு பிரேத ஊர்வலம் அதற்கு முன் போனதில்லை.

சுனிலும் வந்திருந்தார். கையில் கட்டு. ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தவர், கூட்டம் குறைந்த பிறகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். "அம்மே, மரண வீடு தானே. அதுனால நான் அடிக்க இல்ல. அவரும் அடிக்க இல்ல. சமாவென்ன அம்மே" என்று தமிழும் சிங்களமும் கலந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா அவர் கட்டுப்போட்ட கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை ஆறுனதும் திரும்ப பஸ் ஓட்டுப்பா. அந்த மொடக்குல மட்டும் அடிக்காம போயிராத" என்றாள். அவர் இன்றுவரை அந்த முடக்கில் அடித்துக்கொண்டுதான் போகிறார். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. யாரும் அவரை அப்படி அடிக்கச் சொல்லவில்லை.

சரி, நான் சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

இழுவை விமானத்தில் அந்தப் பெட்டியைப் பூட்டுவது லேசான வேலையாக இருக்கவில்லை. அது முன்பு வயலுக்கு மருந்தடித்த பழைய விமானம். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. செய்மதியைக் கேட்கிற ஏரியலுக்கு ஆகாயம் தெரிய வேண்டும், ஒலிபரப்புகிற ஏரியலுக்குக் கீழ்ப்பக்கமும் தெரிய வேண்டும். வயிற்றுக்கு அடியில் பூட்டினால் சக்கரத்தின் கால் மறைத்தது, மேலே பூட்டினால் எஞ்சின் மறைத்தது. பூட்டுவதும், கையில் இன்னொரு பெட்டியோடு விமானத்தைச் சுற்றி நடந்து எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று பார்ப்பதும், திரும்பக் கழற்றுவதுமாக இருந்தேன். கடைசியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஏரியல் வைத்தேன். எந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் அது கத்த வேண்டும். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த விமானத்தை அதிகம் ஓட்டியவர் கென் என்ற வயசாளி. என் பெட்டியை அவருக்குப் பிடிக்கவில்லை. "எனக்குக் கண் இருக்கிறது, இந்தத் தகரம் எதற்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் முகம் வெளிறிப்போய் இறங்கினார். மேலே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. சட்டைக்கையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு தகரம் என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

போன மாதம் கென் நெஞ்சுவலியில் செத்துப்போனார். இங்கே எரித்த சாம்பலை அவரவருக்குப் பிடித்த இடத்தில் தூவுவார்கள். கென்னின் சாம்பலை அவர் ஓட்டிய விமானத்திலிருந்தே தூவ வேண்டும், கிளைடர்கள் எல்லாம் சுற்றிலும் பறக்க வேண்டும், அந்த நேரம் ரேடியோவில்கூட யாரும் பேசக்கூடாது என்பது அவர் மனைவி மார்கரெட்டின் ஆசை. கிளப் தலைவர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான். "அத்தனை பேரும் நெருக்கமாகப் பறந்தால் பெட்டிகள் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாவற்றையும் அணைத்து வைக்கலாம். கென்னுக்கு ஒரு மரியாதை" என்றார்.

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது அண்ணே. முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். நெருக்கமாகப் பறக்கிற நேரத்தில்தான் பெட்டி வேண்டும் என்றேன். "வானம் தெளிவாக இருக்கும், எல்லாருக்கும் கண் இருக்கிறது, அந்த அம்மாவின் மனதை நோகடிக்க வேண்டாம்" என்றார். பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று பட்டறையில் நான் கையெழுத்துப் போடலாம், ஆனால் மேலே போன பிறகு யாரும் சுவிட்சை அணைத்துவிடலாம், தடுக்க எனக்கு வழியில்லை. தடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். சாவு வீட்டுக்காரி.

மார்கரெட்டின் வீட்டுக்குப் போனேன். புருஷனைப் பறிகொடுத்து நாலு வாரம்கூட ஆகாத பெண்ணிடம், உன் ஆசை தப்பு என்று எப்படிச் சொல்வது? அவர் கொடுத்த கோப்பித் தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். இங்கே வந்து இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் உன்னைப் பற்றிச் சொன்னதில்லை. இங்கிலீஷில் சொன்னபோது உன் சாவு ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு மலை, ஒரு முடக்கு, ஒரு வெள்ளைக்கொடி, இரண்டு நல்ல டிரைவர்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அம்மா ரோட்டை மறித்து நின்று சொன்னதை மட்டும் முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் இங்கிலீஷில் சொன்னேன்.

மார்கரெட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் அம்மா என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பிறகு மெதுவாகச் சிரித்தார், கண்ணீரோடுதான். "கத்தட்டும். கென் இந்த வீட்டில் என்றைக்கு அமைதியாக இருந்தார்? தலைவரிடம் நானே பேசுகிறேன்" என்றார். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை எல்லாரும் ஏறினார்கள். கீழே நானும் மார்கரெட்டும் ஒரு மேசையருகே உட்கார்ந்திருந்தோம். பெட்டிகள் சொல்வதையெல்லாம் காட்டுகிற சின்னத் திரை ஒன்றை அங்கே வைத்திருந்தேன். ரேடியோவில் பேச்சில்லை. திரையில் ஏழெட்டுப் புள்ளிகள் வட்டமாக நகர, நடுவில் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. "இதிலா கென் போகிறார்?" என்று கேட்டார் மார்கரெட். ஆமாம் என்றேன். அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அது நகர நகரக் கூடவே நகர்த்தினார். அம்மா மலையிலிருந்து காதாலேயே உன்னைத் தொடர்ந்து வந்ததைப் போலவே இருந்தது எனக்கு. சாம்பல் தூவியாயிற்று என்று மேலே இறக்கை அசைத்துக் காட்டினார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக விலகின, ஒவ்வொன்றாக இறங்கின.

ஒன்றும் நடக்கவில்லை அண்ணே. எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். பெட்டி இல்லாவிட்டாலும் நடந்திருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். நான் விமானத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். உன் சாவுக்கான என் அழுகை அன்றைக்குத்தான் முழுசாக முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை போலிருக்கிறது, இதை எழுதும்போதும் வருகிறது.

இனி உனக்குக் கஷ்டமான சேதி ஒன்று. அம்மாவுக்குக் காது போய்விட்டது. தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆயிற்று. இப்போது தங்கச்சி குடும்பத்தோடு அதே லயத்தில்தான் இருக்கிறாள். போன வாரம் ஃபோனில் பேசினேன். நான் கத்துவது அவளுக்கு விளங்கவில்லை, அவள் பாட்டுக்குப் பேசினாள்.

"ஏந்தம்பி, அந்த சுனில் பயலும் போயிட்டானா? மொடக்குல இப்ப ஹோர்ன் சத்தமே கேக்க மாட்டேங்குது. எல்லாரும் மறுபடி சும்மா போக ஆரம்பிச்சுட்டாங்களா? சொல்லுய்யா, அடிக்கச் சொல்லுய்யா."

தங்கச்சி ஃபோனை வாங்கி, "ஒவ்வொரு நாளும் அடிச்சுக்கிட்டுத்தாண்ணே போறாரு. அம்மாவுக்குத்தான் கேக்கல. சொன்னா நம்ப மாட்டேங்குது. பனி நேரத்துல ரோட்டுக்குப் போயி நின்னுக்கிட்டு வர்ற வண்டியெல்லாம் மறிக்குது" என்று அழுதாள். நான் என்ன சொல்ல? உன்னை அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள் அண்ணே, இத்தனை வருஷமாக. இப்போதுதான் அவளுக்கு நீ இல்லாமல் போயிருக்கிறாய்.

சித்திரைக்கு ஊருக்குப் போகிறேன். லீவு சொல்லிவிட்டேன். ஹட்டனில் ஒரு வேன் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு போய், அம்மாவை என் பக்கத்து சீட்டில், நீ என்னை உட்காரவைத்த இடத்தில் உட்காரவைப்பேன். ஃபெக்டரிவரை போய்த் திரும்புவோம். அந்த முடக்கு வரும்போது அவள் உள்ளங்கையை எடுத்து ஹோர்னின் மேல் வைத்து, அதன் மேல் என் கையை வைத்து அமுக்குவேன். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. அவள் காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியும்.

அன்றைக்கு அங்கே வெள்ளைக்கொடி கட்டியிருந்தாலும் அமுக்குவோம். நாளைக்கு அவளுக்காகவே அந்தக் கொடி கட்டினாலும், நான் முடக்கில் போய் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியையும் ஹோர்ன் அடித்துவிட்டு வரச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பக்கத்து சீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கும்
உன் தம்பி